இரண்டாவது ஆள்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, தங்கச்சி. ஏற்கெனவே இரண்டு இடத்தில் தப்பாகத்தான் சொல்லியிருக்கிறேன். கம்பெனியில் சொன்னேன். கேட்டுவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையத் தூக்கப் பாத்தாளா? போலீஸுக்குப் போகலையா?" என்றார்கள். என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். அவர், "மழைல நனைஞ்சா சளி பிடிக்கத்தான் செய்யும், கசாயம் வச்சுக் குடு" என்றார். நான் சொன்னது இரண்டும் இல்லை. அப்படியென்றால் சொன்ன விதத்தில்தானே கோளாறு? அஞ்சாவதோடு நின்றவள் நான். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் அதற்கு முந்தினது ஞாபகத்துக்கு வரும், அதைச் சொல்லப் போனால் இது விட்டுப்போகும்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். "இந்த ஸ்கூல்ல பிள்ளைங்களுக்குப் பாதுகாப்பெல்லாம் எப்படிக்கா?" என்றீர்கள். முதல் நாள் அல்லவா, கேட்கத்தான் தோன்றும். வந்ததிலிருந்து பார்க்கிறேன், ஸ்கூல் கேட் கம்பியை விடவே மாட்டேன் என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நின்றேன். மணி அடிக்க நேரம் இருக்கிறது. இந்த ஜெராக்ஸ் கடை நிழலுக்கு வாருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். முறைத்தால் ஒரு பென்சில் வாங்கிக்கொள்வோம்.

என் பெயர் பேச்சியம்மாள். ஊர் விருதுநகர்ப் பக்கம். திருப்பூருக்கு வந்து நாளாகிவிட்டது. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறேன். தைத்து வருகிற துணியில் நூல் நூலாகத் தொங்கும் பாருங்கள், அதை வெட்டுகிற வேலை. நாலு மணிக்கு விட்டுவிட வேண்டும் என்று சொல்லித்தான் சேர்ந்தேன். மிச்சத்தைக் கட்டாகக் கட்டி வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவேன். வீட்டுக்காரர் போர்வெல் வண்டியில் வடக்கே போயிருக்கிறார். மத்தியப் பிரதேசம் என்றார். அது போன மாதம் சொன்னது, இப்போது எங்கே என்று கேட்கவில்லை. ஒரே மகள், சுபிக்‌ஷா. மூன்றாம் வகுப்பு. கல்யாணமாகி வெகு காலம் கழித்து, ஊரில் எல்லாரும் "விசேஷம் உண்டா" என்று கேட்பதையே நிறுத்தின பிறகு பிறந்தவள். அப்படிப் பிறந்த பிள்ளையை எப்படி வளர்ப்பீர்கள்? நீங்களே சொல்லுங்கள்.

நான் பயந்தவள் என்று கம்பெனியில் பேசுவார்கள். பயம் இல்லை அது. கவனம்.

வருஷ ஆரம்பத்தில் பெற்றோர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். உங்களையும் கூப்பிடுவார்கள், தவறாமல் போங்கள். கோகிலா டீச்சர் பேசினார்கள். இந்த ஊர்க்காரர், மரியாதையாகப் பேசுவார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த பெஞ்சு பிள்ளைகளுக்குச் செய்தது, முழங்கால் நெஞ்சில் இடிக்கும்.

"ஏனுங்க, எங்களுக்குப் படிப்பு வராதுன்னு யாரும் ஒதுங்கிக்காதீங்க. தெனம் கால் மணி நேரம் பக்கத்துல உக்காந்து கொழந்தை வாசிக்கறதைக் கேளுங்க. சொல்லித்தர வேண்டியதில்லைங்க, கேட்டாப் போதும். இன்னைக்கு என்ன படிச்சேன்னு கேக்காதீங்க. யாரோட வெளையாடுனே, எதுக்காச்சும் பயந்தியான்னு கேளுங்க" என்றார்கள்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கேட்டால் போதுமாம். கேட்க எனக்குத் தெரியாதா?

அப்புறம்தான் வார்த்தை விஷயம். "வீட்டுக்குன்னு ஒரு வார்த்தை வெச்சுக்குங்க. உங்களுக்கும் கொழந்தைக்கும் மட்டும் தெரிஞ்ச வார்த்தை. உங்களுக்குப் பதிலா வேற யாராச்சும் கூப்பிட வந்தா, அந்த வார்த்தையச் சொன்னாத்தான் கொழந்தை கெளம்போணும். சொல்லலைன்னா யாரா இருந்தாலும் போகக் கூடாது. அதே மாதிரி, அந்த வார்த்தை தெரிஞ்ச ரெண்டாவது ஆளு ஒருத்தரு கண்டிப்பா இருக்கோணும்."

ஒவ்வொருத்தரிடமும் கேட்டுக்கொண்டே வந்தார்கள். உங்களுக்கு யாருங்க? ஒருத்தி கொழுந்தனார் என்றாள். ஒருத்தி தங்கச்சி என்றாள். ஒருத்திக்கு மூன்று பேர் இருந்தார்கள், யாரைச் சொல்வது என்று யோசித்தாள். என்னிடம் வந்தபோது, "பாத்துச் சொல்றேன் டீச்சர்" என்றேன். அவ்வளவுதான். பார்த்துச் சொல்லாமல் உடனே யாராவது சொல்வார்களா?

வரிசையாகத்தானே சொல்கிறேன்?

சரி, வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பூங்கொடி புரிய மாட்டாள். நாங்கள் இருப்பது லைன் வீடு. ஒரே நீளக் கூரை, ஷீட் போட்டது. நடுவில் சுவர் வைத்து வீடு வீடாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தச் சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழத்துக்குச் சந்து விட்டிருப்பார்கள். நான் இங்கே இருமினால் அங்கே கேட்கும். அவள் அங்கே கொட்டாவி விட்டால் எனக்குக் கண்ணைச் சொக்கும்.

அவள் என்றால் பூங்கொடி. தாராபுரத்துக்காரி. முப்பது வயதிருக்கும். புருஷனை விட்டுவிட்டு வந்தவளாம். ராத்திரி ஷிப்டில் டெய்லர் வேலை, பகலெல்லாம் தூக்கம். காலையில் ஒரு பைக் வந்து இறக்கிவிட்டுப் போகும். அது யார் என்று எனக்கு எதற்கு? நான் கேட்டதே இல்லை. ஆனால் யார் அது?

டீச்சர் சொன்னபடி தினமும் சுபியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் பிசிறு வெட்டுவேன், அவள் வாசிப்பாள். தமிழ் வாசித்தால் "சரி" என்பேன். இங்கிலீஷ் வாசித்தாலும் "சரி" என்பேன். கூப்பிட்டு உட்கார்ந்து கேட்கிறோம் இல்லையா, அதுதானே முக்கியம். ஒருநாள் வாய்ப்பாடு ஒப்பித்தாள். "ஏழெட்டு அம்பத்திநாலு" என்றாள்.

"சரி" என்றேன்.

மேலேயிருந்து ஒரு குரல். "அம்பத்தாறு கண்ணு!"

சுபி அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டாள். "தேங்க்ஸ்க்கா!" என்று சுவரைப் பார்த்துக் கத்துகிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் சரி என்று சொன்ன பிறகு.

"ஏம்மா, யாரக் கேட்டு இதுக்குள்ள வர்றே?" என்றேன்.

"நான் எங்கீங்க்கா வந்தேன்? நான் படுத்துட்டுத்தான இருக்கறேன்."

"படுத்திருக்கிறவ காதையும் மூடிட்டுப் படு."

"கண்ணுக்கு மாதிரி காதுக்கும் இமை வெச்சிருந்தா மூடியிருப்பனுங்க்கா."

சுபி மறுபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த நாளும் குரல் வந்தது. "அந்த எடத்துல மூச்சு வாங்கிட்டுப் படி பாப்பா, வண்டி மாதிரி ஓட்டாத." அதற்கடுத்த நாள் இவள் நிறுத்தி, அங்கேயிருந்து பதில் வருகிறதா என்று காது கொடுத்துப் பார்க்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்க்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது நான். யாரென்று தெரியாத ஒருத்தி நம் பிள்ளை என்ன படிக்கிறது, எப்போது தனியாக இருக்கிறது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள் என்றால், அது பாதுகாப்பா? நீங்கள் விடுவீர்களா?

கம்பெனியிலிருந்து பெட்டி அட்டை கொண்டு வந்தேன். சேர் போட்டு ஏறி, அந்தச் சந்து முழுக்க அட்டையை வைத்து அடைத்தேன். இடுக்கில் வேஸ்ட் துணியைத் திணித்தேன். அந்தப் பக்கமிருந்து அவள், "என்னங்க்கா, எலியா?" என்றாள். நான் இன்னொரு துணியை எடுத்துத் திணித்தேன்.

அடைத்த பிறகு காற்று வராது. பாதுகாப்பு என்றால் கொஞ்சம் புழுக்கம் இருக்கத்தான் செய்யும். சுபியிடமும் சொல்லிவிட்டேன், "இனிமே மெதுவா வாசி. நம்ம வீட்டுப் படிப்பு அடுத்த வீட்டுக்கு எதுக்கு?" நல்ல பிள்ளை, சொன்னபடி கேட்பாள். உதடு மட்டும் அசையும். நானும் தலையை மட்டும் ஆட்டுவேன். வீடு அவ்வளவு அமைதியாகிவிட்டது.

இது நடந்து கொஞ்ச நாளில் கோகிலா டீச்சர் என்னை வாசலில் நிறுத்தினார்கள். "சுபிக்‌ஷா முன்னெல்லாம் வகுப்பே கேக்கற மாதிரி வாசிப்பாளுங்க. இப்ப என்னாச்சுன்னு தெரியல, வாய்க்குள்ளயே முணுமுணுக்கறா. வீட்டுல எதுக்காச்சும் பயப்படறாளா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். தொண்டைக்கட்டு."

"அப்படீங்களா. அந்த ரெண்டாவது ஆளு யாருன்னு நீங்க இன்னும் சொல்லலீங்க."

"பாத்துட்டே இருக்கேன் டீச்சர்."

சித்தரத்தை இடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். குணமே தெரியவில்லை. டீச்சருக்கே காது கொஞ்சம் மந்தமோ என்னவோ, பாவம்.

இந்த வார்த்தை விஷயத்தில் நான் எவ்வளவு சரியாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பால்கோவா என்று வைத்தோம். அப்புறம் யோசித்தேன், எங்கள் ஊர்ப் பக்கம் தெரிந்தவன் எவனாவது ஊகித்துவிட்டால்? மாற்றினேன். அடுத்து தவளை என்று வைத்தோம். அதை மளிகைக் கடையில் நின்று சொல்லிச் சிரித்துவிட்டாள். மாற்றினேன். மாற்றிக்கொண்டே இருப்பேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், சுற்றி வண்டி ஆட்கள் இருப்பார்கள். எப்படிச் சொல்வது?

ஆடி மாதம் அவர் வந்தார். வடக்கே மழைக்காலம், வண்டி ஓடாது. எங்களிடம் சொல்லாமல், பஸ்ஸை விட்டு இறங்கினவர் நேரே இங்கே வந்து நின்றிருக்கிறார். பிள்ளையை ஆச்சரியப்படுத்தவாம். தாடி, கறுத்த முகம், கையில் ஒரு மிட்டாய்ப் பெட்டி. இவள் வெளியே வந்து பார்த்துவிட்டு, "வார்த்தை சொல்லுங்க" என்றிருக்கிறாள்.

"என்னடி வார்த்தை? நான் உங்கப்பன்டி!"

"அப்பான்னா வார்த்தை தெரிஞ்சிருக்கும்."

எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், நான் வருகிறவரைக்கும் நின்றார். நான் வந்து விஷயத்தைக் கேட்டதும் சுபியை அணைத்துக்கொண்டேன். எவ்வளவு பெருமை தெரியுமா எனக்கு! பெற்ற அப்பனே வந்தாலும் நகராத பிள்ளை. அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மிட்டாய்ப் பெட்டியைப் பிரிக்கவும் இல்லை. பஸ்ஸில் வந்த களைப்பு. இருந்த நாள் வரைக்கும் அவருக்கு வார்த்தையைச் சொல்லி வைத்தேன். போன மறுநாள் மாற்றினேன்.

தப்பாகச் சொல்கிறேனா? நீங்கள் ஒரு மாதிரி பார்க்கிறீர்கள்.

இனிமேல்தான் மழை நாள். ஐப்பசியில். அன்றைக்குப் பார்த்து சூப்பர்வைசர் எங்களில் சில பேரை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு யூனிட்டுக்கு அனுப்பிவிட்டார். சரக்கு அவசரமாகப் போக வேண்டுமாம். அங்கே வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வேலையை முடித்து வெளியே வந்தால் வானமே இடிந்து விழுகிற மாதிரி மழை. பஸ் ஏறினேன். ரயில்வே பாலத்துக்கு அடியில் தண்ணீர் நிரம்பி, பஸ் நின்றுவிட்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது.

டீச்சருக்குப் போன் போட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. அன்றைக்கு மத்தியானமே அவர்கள் ஏதோ பயிற்சி என்று வெளியூர் போய்விட்டார்கள் என்பது அப்புறம்தான் தெரியும். போனில் இருக்கிற பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வீட்டுக்காரர். சூப்பர்வைசர். டீச்சர். கேஸ் புக் பண்ணுகிற நம்பர். மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் புதிதாக ஒரு பெயர் முளைத்து வருமா?

வீட்டுக்காரருக்குப் போட்டேன். "நான் இங்கருந்து என்னடி செய்ய முடியும்? பக்கத்து வீட்ல யாரையாச்சும் போகச் சொல்லு" என்றார்.

"பக்கத்து வீட்ல யாரும் இல்ல" என்றேன்.

இருக்கிறாள். ஆனாலும் வாயில் அப்படித்தான் வந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி, மேம்பாலம் ஏறிச் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஒரு கால் செருப்பு எங்கே போனது என்று தெரியாது. வழியெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன், அவள் யாரோடும் போக மாட்டாள், யாரோடும் போக மாட்டாள். முதலில் அது தைரியமாக இருந்தது. பாலத்தின் உச்சிக்கு வந்தபோது அதைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். மூச்சு வாங்கினதால் இருக்கும்.

இங்கே வந்து சேரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. கேட் பூட்டியிருக்கிறது. இந்தக் கடை ஷட்டர் இறக்கியிருக்கிறது. இதோ, நீங்கள் நிற்கிற இதே இடத்தில் சுபி குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பையைக் குடைக்குள் அணைத்து, துணி நனையாமல். அவளுக்கு எட்டத்தில், அந்தக் கரண்ட் கம்பம் இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் பூங்கொடி. நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. தலையிலிருந்து கால் வரைக்கும் தண்ணீர் வழிகிறது. பல் கிட்டிப்போய் நிற்கிறாள்.

பிள்ளையை விட்டுத் தள்ளி மழையில் எதற்கு நிற்கிறாள்? கேளுங்கள். சுபிதான் "கிட்ட வராதீங்க" என்றிருக்கிறாள். தெரியாதவர்கள் கை நீட்டினால் எட்டாத தூரத்தில் நில் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். பூங்கொடி தன் குடையை நடுவில் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் போக, இவள் வந்து எடுத்துக்கொண்டாளாம்.

என் வாயில் முதலில் வந்தது, "உன்னை யாரு இங்க வரச் சொன்னா?"

பூங்கொடி துண்டைப் பிழிந்தாள். "யாரும் சொல்லலீங்க்கா. நீங்க நாலரைக்கு வந்துருவீங்க. வந்தா டம்ளர் சத்தம் கேக்கும். அப்புறம் பாப்பா முணுமுணுன்னு படிப்பா. இன்னைக்கு அஞ்சு மணிக்கு மேல ஆச்சு, ஒரு சத்தமும் காணோம். எனக்குத் தூக்கமே புடிக்கல."

"நான்தான் அட்டை வச்சிருக்கேனே?"

"அட்டைதானுங்க்கா" என்றாள்.

பூங்கொடி வந்தபோது ஒரு ஆள் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு நின்றிருக்கிறான். "எங்க போகணும் பாப்பா, ஏறிக்க" என்றிருக்கிறான். சுபி, "அம்மா அந்தக் கடைல நிக்கிறாங்க" என்று சொல்லியிருக்கிறாள். யார் கேட்டாலும் அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்று சொல் என்று அதையும் நான்தான் பழக்கினேன். அவன் பூட்டின கடையைப் பார்த்துவிட்டு, போகாமல் நின்றிருக்கிறான். பூங்கொடி வந்து, "யாருங்க நீங்க?" என்று கேட்டதும் வண்டியைக் கிளப்பியிருக்கிறான். நல்ல மனுஷனாகவும் இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? நான் பாலத்தின் மேல் அல்லவா இருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் எப்படி விட்டுவிட்டுப் போனார்கள் என்று கேட்கிறீர்களா? அதையேதான் நானும் மறுநாள் கேட்டுச் சண்டை போட்டேன். பூட்ட வந்த டீச்சர், "அம்மா வந்துட்டாங்களா கண்ணு?" என்று கேட்டார்களாம். அவர்களிடமும் இவள், "அந்தக் கடைல நிக்கிறாங்க" என்றாளாம். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை.

பூங்கொடி அவளிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். வார்த்தை சொன்னால்தான் வருவேன் என்றதும் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். லட்டா? ஜிலேபியா? உங்கப்பா பேரா? டீச்சர் பேரா? ஏழெட்டு அம்பத்தாறா? இவள் எல்லாவற்றுக்கும், தப்பு, தப்பு, தப்பு. "ஏனுங்க்கா, கலெக்டர் பரீட்சைகூட இத்தனை கஷ்டமிருக்காதுங்க" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே தும்மல் வந்தது. "சரிங்க, நீங்க வந்துட்டீங்க. எனக்கு ஷிப்ட் போச்சு. நான் நடக்கறேன்."

ஒரே வீதிக்குத்தானே போக வேண்டும். அவள் முன்னால் நனைந்துகொண்டு நடந்தாள். நானும் சுபியும் பின்னால் குடைக்குள் நடந்தோம். குடை அவளுடையது என்பது எனக்கு வீட்டுக்கு வந்து மடக்கி வைக்கும்போதுதான் தோன்றியது.

அந்த வாரம் முழுக்க அவள் இருமிக்கொண்டிருந்தாள். அட்டையைத் தாண்டிக் கேட்டது. துணியை இன்னும் கொஞ்சம் திணித்துப் பார்த்தேன், அப்போதும் கேட்டது. கசாயம் வைத்தேன். சுபிக்குத்தான் வைத்தேன். அவளுக்குச் சளியே பிடிக்கவில்லை, அதனால் மிச்சமானதை ஒரு டம்ளரில் ஊற்றி பூங்கொடியின் வாசல்படியில், அவள் குடையையும் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். கதவைத் தட்டவில்லை. தூங்குகிறவளை எதற்கு எழுப்ப? மறுநாள் டம்ளர் கழுவி என் படியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுபிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். புது வார்த்தை வைக்க வேண்டும் என்று சொன்னேன். மழையில் அத்தனை பேர் போன ரோட்டில் வார்த்தை, வார்த்தை என்று பேசியிருக்கிறார்கள், யார் காதில் விழுந்ததோ. சுபி திரும்பாமலே கேட்டாள்.

"அம்மா, நீ வரவே முடியலைன்னா அந்த வார்த்தைய யாரு வந்து சொல்லுவா?"

"நான் வருவேன்டி."

"வர முடியலைன்னா?"

"அதெப்படி வராமப் போவேன்?"

"அன்னைக்கு நீ வரல. பூங்கொடி அக்கா பாவம், எத்தனையோ சொன்னாங்க. நான் தப்பு தப்புன்னு சொல்லிட்டே இருந்தேன். உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா, நீ வரலைன்னா நான் அங்கயே நிக்கணுமாம்மா?"

பின்னல் கையிலிருந்து நழுவிவிட்டது. மறுபடி முதலிலிருந்து பின்னினேன். சிக்கு இருந்தது, வேறொன்றும் இல்லை.

அய்யோ, மணி அடித்துவிட்டார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளைத்தான் முதலில் விடுவார்கள், உங்கள் பிள்ளை இப்போது வந்துவிடுவாள். முடித்துவிடுகிறேன், நில்லுங்கள். பாதியில் விட்டால் நீங்களும் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள்.

அன்றைக்கு மத்தியானம் சேரைப் போட்டு ஏறினேன். சுபி சேரைப் பிடித்துக்கொண்டாள். துணியை உருவினேன். அட்டையை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டேன். காற்று வருவதற்காகத்தான் எடுத்தேன், புழுக்கம் தாங்கவில்லை. அங்கே அவள் வீடு தெரிந்தது. ஒரு பாய். ஒரு தட்டு, கவிழ்த்து வைத்தது. மேற்கொண்டு பார்க்கவில்லை. எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"பூங்கொடி" என்று கூப்பிட்டேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பாயில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். "என்னங்க்கா? மறுபடி எலியா?"

"ஒரு வார்த்தை சொல்றேன், கேட்டுக்க. ஒரு தடவதான் சொல்லுவேன்."

சொன்னேன். என்ன வார்த்தை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் நல்லவராகத்தான் தெரிகிறீர்கள், ஆனாலும் இன்றைக்குத்தானே பார்க்கிறேன்.

"ஒண்ணும் கேக்கலீங்க்கா. சளி, ரெண்டு காதும் அடைச்சுக் கெடக்குது."

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"ஊஹூம்."

கத்தினேன், தங்கச்சி. பிள்ளையை உதட்டால் வாசிக்க வைத்தவள், சேர்மேல் நின்று கூரை அதிர அந்த வார்த்தையைக் கத்தினேன். மூன்றாவது வீட்டில் பாடிக்கொண்டிருந்த டிவி நின்றது. சுபி சிரித்த சிரிப்பில் சேர் ஆடியது. பூங்கொடி அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னாள். சொல்லிவிட்டு, "சரிங்களா?" என்றாள்.

"சரி" என்றேன்.

லைன் முழுக்கக் கேட்டிருக்கும். அன்றைக்கே அதை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. மறுநாள் காலையில் இந்தக் கேட்டில் கோகிலா டீச்சரை நிறுத்தி, அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே, இரண்டாவது ஆளின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனேன்.